பெனித்தோ ஹுவாரெஸ்: மெக்சிகோவின் வக்கீல் ஜனாதிபதி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தில்லியில் தௌலா குவான் பக்கம், ஸ்ரீ வெங்கடேஸ்வரா கல்லூரி இருக்கும் சாலைக்குப் பெயர் பெனித்தோ ஹுவாரெஸ் மார்க். அந்தக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த நம் பிள்ளைகள் மூன்று வருடம் இந்தப் பெயரை முகவரியில் எழுதியிருப்பார்கள். யார் அவர் என்று கேட்டால் பெரும்பாலும் உதட்டைப் பிதுக்குவார்கள். அப்படிப்பட்டவர்களுக்காக எழுதியது இது. பள்ளிப் பாடத்தில் வரும் தலைவர் வரலாறு போல முழுக்கப் புகழ்ச்சியாக இருக்காது, முன்பே சொல்லிவிடுகிறேன்.

பெயரை எப்படி உச்சரிப்பது?

ஹுவாரெஸ். ஆங்கில எழுத்தில் பார்த்துவிட்டு 'ஜுவாரெஸ்' என்று படிக்கிறோம். ஸ்பானிஷில் அந்த எழுத்துக்கு 'ஹ' ஒலி. அவருடைய மாநிலத்தின் பெயரும் அப்படித்தான் ஏமாற்றும். எழுத்தைப் பார்த்தால் ஓக்சாகா, வாயில் வருவது வஹாக்கா.

பெனித்தோ என்றதும் முசோலினி நினைவுக்கு வந்தால் அதில் தப்பில்லை. சோஷலிஸ்டான முசோலினியின் அப்பா, இந்த மெக்சிகோ ஜனாதிபதியின் மேல் இருந்த மதிப்பால்தான் மகனுக்கு அந்தப் பெயரை வைத்தார். பெயர் வைத்தவர் ஒன்று நினைக்க, பிள்ளை வேறொன்றாக வளர்ந்தது.

இரண்டு வரியில் சொன்னால், இவர் யார்?

1806 மார்ச் 21 அன்று தெற்கு மெக்சிகோவின் மலைக்கிராமம் ஒன்றில் சபோத்தெக் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்து, பன்னிரண்டு வயதுவரை ஸ்பானிஷ் சரியாகப் பேசத் தெரியாமல் இருந்து, வக்கீலாகி, நீதிபதியாகி, ஆளுநராகி, 1858 முதல் 1872இல் சாகும்வரை ஜனாதிபதியாக இருந்தவர். அந்தப் பதினான்கு ஆண்டில் ஓர் உள்நாட்டுப் போர், ஓர் அந்நியப் படையெடுப்பு, ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியான ஒரு பேரரசர் என எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்.

ஆட்டைத் தொலைத்துவிட்டு அடிக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடினார் என்கிறார்களே?

மெக்சிகோவில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை அது. அவர் தன் பிள்ளைகளுக்காக எழுதி வைத்த குறிப்புகளில் ஆடு தொலைந்த பேச்சே இல்லை. படிக்க வேண்டும் என்ற ஆசைதான் காரணம் என்கிறார்.

ஊர் குவெலத்தாவோ, மிகச் சிறிய கிராமம். மூன்று வயதில் அப்பா அம்மா இருவரும் போய்விட்டார்கள். தாத்தா பாட்டியிடம் கொஞ்ச காலம், பிறகு பெர்னார்தினோ என்ற சித்தப்பாவிடம். பகலில் ஆடு மேய்க்க வேண்டும், வயல் வேலை பார்க்க வேண்டும். சித்தப்பாவுக்குக் கொஞ்சம் ஸ்பானிஷ் தெரியும். அவர் பாடம் சொல்லிக்கொடுக்க உட்காரும்போது பையனே சாட்டையை எடுத்து வந்து கொடுப்பானாம், பாடம் வராவிட்டால் அடிப்பதற்கு. அப்படியும் இருவருக்கும் வேலை ஒழியவில்லை, படிப்பு நகரவில்லை. ஊரில் பள்ளிக்கூடமும் கிடையாது. வசதி இருந்தவர்கள் பிள்ளைகளை வஹாக்கா நகரத்துக்கு அனுப்பினார்கள். வசதி இல்லாதவர்கள் அங்கே பணக்கார வீடுகளில் வேலைக்கு விட்டார்கள், சோறும் எழுத்தும் கிடைக்கும் என்று.

1818 டிசம்பர் 17 அன்று பையன் யாரிடமும் சொல்லாமல் கிளம்பி, அறுபது கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதையில் நடந்து, அன்று இரவே வஹாக்கா போய்ச் சேர்ந்தான். அக்கா மரியா ஹோசெபா அங்கே அந்தோனியோ மாசா என்ற வணிகர் வீட்டில் சமையல் வேலையில் இருந்தாள். அந்த வீட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

ஆடு மேய்த்தவர் வக்கீல் ஆனது எப்படி?

அவரை ஆதரித்தவர் அந்தோனியோ சாலனுவேவா, புத்தகம் பைண்டிங் செய்யும் பக்திமான். பையனைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டு பள்ளிக்கு அனுப்பினார். நகரத்தில் 'அரசர் பள்ளி' என்று ஒன்று. அங்கே 'நல்ல குடும்பத்து' பிள்ளைகளுக்கு வாத்தியாரே தனி அறையில் பாடம் எடுப்பார். ஏழைப் பிள்ளைகளை உதவியாளர் ஒருவர் தலையில் கட்டிவிடுவார்கள். ஒருநாள் எழுதிய பாடத்தில் குறை இருந்ததற்கு, திருத்திச் சொல்லிக்கொடுக்காமல் தண்டனை கொடுக்கச் சொன்னார் வாத்தியார். பையன் பள்ளியை விட்டே வெளியேறிவிட்டான். பிற்காலத்தில் எழுதும்போதும் அந்தக் கோபம் தணியவில்லை என்பது வரிகளிலேயே தெரிகிறது.

ஏழைப் பழங்குடிப் பையன் மேலே படிக்க அன்று இருந்த ஒரே வழி குருமடம். 1821இல் சேர்ந்தார், லத்தீன் படித்தார். பூசை வைக்கவும் பானையை நிரப்பவும் தெரிந்தால் போதும் என்று ஆக்கப்பட்ட அரைகுறைச் சாமியார்களுக்கு ஊரில் ஒரு கேலிப்பெயர் இருந்தது. அந்த வரிசையில் நிற்க அவருக்கு விருப்பம் இல்லை. மாநில அரசு அறிவியல், கலைகளுக்கான கல்லூரி ஒன்றைத் திறந்ததும் 1828இல் அதற்கு மாறினார். குருமார்கள் அதை மதவிரோதக் கூடாரம் என்று ஏசிய காலம் அது. 1834 ஜனவரியில் வக்கீல் பட்டம் கையில். அதற்குள் நகரசபை உறுப்பினர், மாநில சட்டமன்ற உறுப்பினர் என்று அரசியலிலும் கால் வைத்தாயிற்று.

வக்கீலாக அவர் எடுத்த முக்கியமான வழக்கு எது?

லொஷிச்சா வழக்கு. பணம் வந்ததும் இல்லை, ஜெயித்ததும் இல்லை. ஆனால் இவரைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு வழக்கைத்தான் படிக்க முடியும் என்றால் இதைத்தான் படிக்கச் சொல்வேன்.

லொஷிச்சா கிராமத்து மக்கள் தங்கள் பங்குச் சாமியார் மேல் புகார் கொண்டு வந்தார்கள். திருமுழுக்குக்கு இவ்வளவு, கல்யாணத்துக்கு இவ்வளவு, சாவுக்கு இவ்வளவு என்று கட்டணப் பட்டியல் உண்டு. அவர் அதற்கு மேல் வசூலிக்கிறார் என்பது புகார். வழக்கை எங்கே போடுவது? சாமியார் மேல் சாதாரண நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது. அவர்களுக்குத் தனிச் சலுகை, தனி நீதிமன்றம். அங்கே விசாரிப்பவரும் சாமியார். ஹுவாரெஸ் அங்கேதான் போனார். அப்போது அவர் சட்டமன்ற உறுப்பினர், ஆட்சியும் தாராளவாதிகள் கையில். அதனால் மனு நகர்ந்தது. சாமியாரை அழைத்து, அந்த ஊருக்குத் திரும்பிப் போகக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள்.

அதே 1834இல் ஆட்சி கவிழ்ந்தது. சாமியார் ஜம்மென்று ஊருக்குத் திரும்பினார். தனக்கு எதிராக மனு கொடுத்தவர்களைப் பிடித்து உள்ளே தள்ள வைத்தார். ஹுவாரெஸ் விடுப்பு எடுத்துக்கொண்டு மியவாத்லான் ஊருக்குப் போய் நீதிபதியைப் பார்த்தார். கட்சிக்காரர்களைச் சந்திக்கவே விடவில்லை. மேல் நீதிமன்றத்தில் புகார் கொடுக்கலாம் என்று வஹாக்கா திரும்பினால், அதற்குள் அவர் மேலேயே வழக்கு: அதிகாரிகளுக்கு எதிராக மக்களைத் தூண்டிவிட்டாராம். ஒன்பது நாள் சிறை.

கட்சிக்காரரும் உள்ளே, வக்கீலும் உள்ளே, எதிராளி வெளியே. தனிச் சலுகை பெற்ற வர்க்கங்களின் அதிகாரத்தை ஒழிக்கத் தொடர்ந்து உழைப்பது என்று தான் முடிவெடுத்தது அப்போதுதான் என்று அவரே எழுதுகிறார். அரசியல்வாதிகள் பிற்காலத்தில் இப்படி எழுதினால் பாதிக்கு மேல் நம்புவதில்லை நான். இதை நம்புகிறேன், ஏனென்றால் இருபத்தொரு வருடம் கழித்து அமைச்சரானதும் அவர் கை வைத்த முதல் இடமே அதுதான்.

இடையில் நாடு கடத்தப்பட்டாராமே?

ஆம். 1847 முதல் 1852 வரை வஹாக்கா ஆளுநர். அமெரிக்காவுடன் போரில் தோற்று நாட்டின் பாதி நிலத்தை மெக்சிகோ இழந்த நேரம். தோற்ற தளபதி சாந்தா அன்னா வஹாக்காவுக்குள் வர முயன்றபோது ஹுவாரெஸ் அனுமதிக்கவில்லை. சாந்தா அன்னா அதை மறக்கவே இல்லை. ஒரு காலத்தில் வெறுங்காலோடு எனக்கு மேசையில் பரிமாறியவன், அந்த அவமானத்தில்தான் இப்படிச் செய்தான் என்று பின்னாளில் எழுதினார். வெறுங்கால் என்று சொல்வதில் அவருக்கு ஒரு சுகம்.

1853இல் சாந்தா அன்னா மறுபடி ஆட்சிக்கு வந்ததும் ஹுவாரெஸ் கைது. சான் ஹுவான் தெ உலுவா கோட்டைச் சிறை, அங்கிருந்து ஹவானா, பிறகு நியூ ஆர்லியன்ஸ். முன்னாள் ஆளுநர் அங்கே சுருட்டுச் சுற்றிப் பிழைத்தார். மனைவி ஊரில் சிறு கடை வைத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றினார். மெல்சோர் ஒகாம்போ போன்ற தாராளவாதிகளும் அங்கே அகதிகளாக இருந்ததால், சுருட்டுக்கு நடுவே ஒரு கட்சியே உருவானது.

1855இல் ஹுவான் ஆல்வரெஸ் என்ற கிழத் தளபதி சாந்தா அன்னாவுக்கு எதிராகக் கிளம்பியிருந்தார். ஹுவாரெஸ் அவருடைய முகாமில் போய்ச் சேர்ந்தபோது உடுக்க நல்ல துணி இல்லை. சிப்பாய்களுக்குக் கொடுக்கும் உடுப்பைக் கொடுத்தார்கள். எழுத்து வேலைக்கு உட்கார்ந்தார். சில நாள் கழித்து 'வக்கீல் பெனித்தோ ஹுவாரெஸ் அவர்களுக்கு' என்று ஒரு கடிதம் வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று பதறினார்கள். 'அதில் என்ன விசேஷம்?' என்றாராம். ஆல்வரெஸின் மகன் சொன்ன கதை இது.

'ஹுவாரெஸ் சட்டம்' என்றால் என்ன?

ஆல்வரெஸ் ஜனாதிபதியானதும் ஹுவாரெஸ் நீதித்துறை அமைச்சர். 1855 நவம்பர் 23 அன்று வந்த சட்டம் இது. சாமியார்களுக்கும் ராணுவத்தாருக்கும் இருந்த தனி நீதிமன்றங்கள் இனிமேல் சிவில் வழக்குகளை விசாரிக்க முடியாது. கடன், வாடகை, சொத்து, கட்டணம் என்று எதுவாக இருந்தாலும் எல்லோரும் போகும் நீதிமன்றத்துக்கே வர வேண்டும். கேட்க அற்பமாக இருக்கும். லொஷிச்சாக்காரர்களிடம் கேட்டுப்பாருங்கள்.

தேர்தலில் நின்று ஜெயிக்காமலேயே எப்படி ஜனாதிபதி ஆனார்?

1857 அரசியல் சட்டத்தின் 79ஆம் பிரிவால். துணை ஜனாதிபதி பதவியை அந்தச் சட்டம் வைக்கவில்லை. மெக்சிகோவில் துணை ஜனாதிபதிகள் மேலே இருப்பவரைக் கவிழ்ப்பதையே தொழிலாக வைத்திருந்தார்கள். அதனால் ஜனாதிபதி இல்லாத நேரத்தில் உச்ச நீதிமன்றத்தின் தலைவர் அந்த இடத்தில் அமர்வார் என்று எழுதினார்கள். நமக்கும் இது புதிதல்ல, 1969இல் வி.வி. கிரி பதவி விலகியபோது தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா சில வாரம் ஜனாதிபதியாக இருந்தார். ஒரு வேறுபாடு: மெக்சிகோவில் உச்ச நீதிமன்றத் தலைவரும் தேர்தலில் வந்தவர், முழு அரசியல்வாதி. 1857இல் அப்படித் தேர்வானவர் ஹுவாரெஸ்.

அந்த டிசம்பரில் ராணுவம் கலகம் செய்தது. ஜனாதிபதி கொமொன்ஃபோர்த், தான் அந்த மாதத் தொடக்கத்தில் சத்தியம் செய்த அரசியல் சட்டத்தைத் தானே தூக்கி எறிந்துவிட்டுக் கலகக்காரர்களோடு சேர்ந்தார். ஹுவாரெஸைச் சிறையில் வைத்தார். பிறகு மனம் மாறி, 1858 ஜனவரியில் விடுவித்துவிட்டு நாட்டை விட்டே போனார். ஹுவாரெஸ் குவானஹுவாத்தோ போய் ஜனவரி 19 அன்று 79ஆம் பிரிவின்படி நானே ஜனாதிபதி என்று அறிவித்தார். கையில் தலைநகரம் இல்லை, கஜானா இல்லை. ஒரே ஒரு சட்டப்பிரிவு இருந்தது. பழமைவாதிகள் மெக்சிகோ நகரத்தில் தங்களுக்கென்று ஒரு ஜனாதிபதியை உட்கார வைத்துக்கொண்டார்கள். மூன்று வருடப் போர் தொடங்கியது.

துப்பாக்கி முனையிலிருந்து தப்பியது நிஜமா?

நிஜம். 1858 மார்ச் 13, குவாதலஹாரா அரண்மனை. காவலுக்கு இருந்த படையே கட்சி மாறி ஜனாதிபதியையும் அமைச்சர்களையும் பிடித்துவிட்டது. சிப்பாய்கள் அறைக்குள் நுழைந்து துப்பாக்கியைத் தூக்கிக் குறி பார்த்த நேரத்தில், நிதி அமைச்சராக இருந்த கவிஞர் கியெர்மோ பிரியெத்தோ குறுக்கே பாய்ந்து கையை விரித்துக்கொண்டு, 'துப்பாக்கியை இறக்குங்கள், வீரர்கள் கொலை செய்வதில்லை' என்று கத்தினார். பேசிக்கொண்டே போனார். துப்பாக்கிகள் இறங்கின. இந்தப் பிரியெத்தோவின் பெயரையும் மறக்க வேண்டாம்.

பிறகு மன்சானில்யோவில் கப்பல் ஏறி, பனாமாவைக் கடந்து, ஹவானா, நியூ ஆர்லியன்ஸ் சுற்றி வேராகுரூஸ் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தார்கள். நாட்டின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்குப் போக இவ்வளவு சுற்று.

அவர் நாத்திகரா?

இல்லை. 1843இல் கோயிலில் தாலிகட்டாத குறையாக முறைப்படி கல்யாணம் செய்துகொண்ட கத்தோலிக்கர். ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சகோதரச் சங்கத்திலும் இருந்தார், அன்றைய தாராளவாதிகள் பலரையும் போல.

வேராகுரூஸிலிருந்து அவர் அரசு போட்ட சட்டங்கள்தான் அவருக்கு அந்தப் பெயரை வாங்கித் தந்தன. 1859 ஜூலையில் திருச்சபைச் சொத்துகள் நாட்டுடைமை. அதே மாதம் பதிவுத் திருமணம், பிறப்பு இறப்புப் பதிவேடு, இடுகாடுகள் அரசு வசம். 1860 டிசம்பரில் வழிபாட்டு உரிமை. அதுவரை பிறந்ததற்குச் சான்று, கல்யாணத்துக்குச் சான்று, புதைக்க ஆறடி நிலம் எல்லாமே சாமியார் கையில் இருந்தது. கட்டணம் கட்ட முடியாதவன் கதி என்ன என்பதை அவர் லொஷிச்சாவிலேயே பார்த்துவிட்டார்.

இடுகாடு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆளுநராக இருந்தபோது அவருடைய குழந்தை குவாதலூப்பே இறந்தது. கோயிலுக்குள் புதைக்கக் கூடாது, ஊருக்கு வெளியேதான் புதைக்க வேண்டும் என்று சுகாதார விதி. ஆளுநர் குடும்பத்துக்கு மட்டும் விலக்கு. அவர் விலக்கை வாங்கிக்கொள்ளவில்லை. குழந்தையை ஊருக்கு வெளியே இருந்த பொது இடுகாட்டுக்கே கொண்டுபோனார்.

அவர் செய்ததில் கறை என்று சொல்லத்தக்கது உண்டா?

உண்டு, ஒன்றுக்கு மேல். 1859 டிசம்பரில் பணமும் அங்கீகாரமும் தேடி அமெரிக்காவோடு அவர் அரசு போட்ட ஒப்பந்தம் மோசமானது. 40 லட்சம் டாலருக்கு, இரண்டு கடல்களுக்கு நடுவே நாடு ஒடுங்கும் தெவாந்தெபெக் பூசந்தி வழியாக என்றென்றைக்கும் கடந்து போகும் உரிமையை எழுதிக்கொடுத்தார்கள். அமெரிக்க செனட்டே அதை நிராகரித்ததால் மானம் பிழைத்தது. அதற்காகச் செனட்டுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும், ஹுவாரெஸுக்கு அல்ல. மற்றவை கீழே வருகின்றன.

அரசாங்கத்தையே குதிரை வண்டியில் வைத்துக்கொண்டு சுற்றினார் என்பது?

உள்நாட்டுப் போரில் ஜெயித்து 1861 ஜனவரியில் தலைநகரம் வந்தார். தேர்தலிலும் முறையாக ஜெயித்தார். கஜானா காலி. ஜூலை 17 அன்று வெளிநாட்டுக் கடன் தவணைகளை இரண்டு வருடத்துக்கு நிறுத்தினார். கடன் கொடுத்த பிரிட்டன், ஸ்பெயின், பிரான்ஸ் மூன்றும் கப்பல் அனுப்பின. முதல் இரண்டும் பேசிவிட்டுத் திரும்பின. பிரான்ஸின் மூன்றாம் நெப்போலியனுக்குக் கடன் ஒரு சாக்குத்தான், நாடே வேண்டும். 1862 மே 5 அன்று புவெப்லாவில் பிரெஞ்சுப் படை தோற்றது. அடுத்த வருடம் பெரிய படையோடு வந்து ஜெயித்தது.

1863 மே 31 அன்று ஹுவாரெஸ் தலைநகரை விட்டுக் கிளம்பினார். சான் லூயிஸ் பொத்தோசி, சல்தில்யோ, மொந்தெர்ரே, சிவாவா, கடைசியில் அமெரிக்க எல்லையில் ரியோ கிராந்தே ஆற்றங்கரையில் இருந்த பாசோ தெல் நோர்த்தே. ஒரு கறுப்புக் குதிரை வண்டி. கூடவே இருந்த முக்கியமான இரண்டு அமைச்சர்கள் செபஸ்தியான் லெர்தோ, ஹோசே மரியா இக்லேசியாஸ். மூன்று பேருமே வக்கீல்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது காகிதக் கட்டுகளின் கதை. நாட்டின் ஆவணங்களையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிக் கூடவே இழுத்துக்கொண்டு போனார்கள். 1864இல் இனி முடியாது என்றானபோது, கோவாய்லா பாலைவனப் பகுதியில் மத்தாமோரோஸ் ஊர்க்காரர்களிடம் ஒப்படைத்தார்கள். அவர்கள் அதை 'புகையிலைக் குகை' என்ற குகைக்குள் ஒளித்து வைத்துக் காத்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் தேடியும் வாய் திறக்கவில்லை. சிலர் அதற்காக உயிரையே விட்டார்கள். போர் முடிந்து கட்டுகள் பத்திரமாகத் திரும்பின. ஓடும்போது தங்கத்தை எடுத்துக்கொண்டு ஓடிய ராஜாக்களைப் பற்றிப் படித்திருக்கிறோம். கோப்புகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவது வக்கீல் புத்தி.

பாசோ தெல் நோர்த்தேயின் பெயர் 1888 முதல் ஹுவாரெஸ் நகரம். வண்டி இன்று சப்புல்தெபெக் கோட்டை அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

லிங்கனும் இவரும் நண்பர்களா?

சந்தித்ததே இல்லை. இருவரும் ஏழை வீட்டுப் பிள்ளைகள், இருவரும் வக்கீல்கள், ஒரே நேரத்தில் ஜனாதிபதிகள் என்பதால் சேர்த்துப் பேசுவார்கள். ஹுவாரெஸின் தூதர் மத்தியாஸ் ரொமேரோ 1861 ஜனவரியில், லிங்கன் பதவி ஏற்பதற்கு முன்பே ஸ்பிரிங்ஃபீல்டுக்கு ரயில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிரெஞ்சுக்காரர்கள் மெக்சிகோவில் பேரரசராக உட்கார வைத்த மாக்சிமிலியனை அமெரிக்கா கடைசிவரை அங்கீகரிக்கவில்லை. ஆனால் தன் உள்நாட்டுப் போர் முடியும்வரை பெரிதாக எதுவும் செய்யவும் இல்லை.

மாக்சிமிலியனை மன்னித்திருக்கக் கூடாதா?

ஆஸ்திரிய இளவரசர் மாக்சிமிலியன் 1864 மே மாதம் வந்து இறங்கினார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஹுவாரெஸின் சீர்திருத்தச் சட்டங்களில் பலவற்றை அவரும் ரத்து செய்யவில்லை. அவரை வரவழைத்த பழமைவாதிகளுக்கே அது வயிற்றெரிச்சல். ஹுவாரெஸைப் பேச வருமாறு அழைத்தார். வந்த பதிலின் கடைசி வரிகள் புகழ்பெற்றவை: பிறர் உரிமையைப் பறிப்பதும் உடைமையைக் கவர்வதும் சில சமயம் மனிதர்களுக்குக் கைகூடலாம், வரலாற்றின் தீர்ப்பு மட்டும் அவர்கள் கைக்கு எட்டாது, அது நம்மைத் தீர்ப்பிடும்.

1865 அக்டோபர் 3 அன்று மாக்சிமிலியன் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். ஆயுதத்தோடு பிடிபடும் குடியரசுப் படையினருக்கு மரணம், மேல்முறையீடு இல்லை. பிரெஞ்சுப் படை 1867 தொடக்கத்தில் மூட்டை கட்டியதும் அவர் தனியானார். மே 15 அன்று கெரேத்தரோவில் பிடிபட்டார். ஊர் நாடக அரங்கில் ராணுவ நீதிமன்றம் கூடியது. விக்தர் ஹியூகோ கருணை கேட்டு எழுதினார்; கரிபால்டியும் கேட்டார். இளவரசி சால்ம் சால்ம் ஹுவாரெஸின் காலில் விழுந்தார். மாக்சிமிலியனின் வக்கீல்கள் இருவர் சான் லூயிஸ் பொத்தோசிக்கு வந்து மன்றாடினார்கள், இருவரும் குடியரசுக் கட்சிக்காரர்களே. அவர் இளகவில்லை. ஜூன் 19 காலை, மணிக்குன்று என்ற குன்றில் மாக்சிமிலியனும் தளபதிகள் மிராமோனும் மெஹியாவும் சுடப்பட்டார்கள். தாமஸ் மெஹியாவும் பழங்குடிக்காரர், ஒத்தோமி இனத்தவர். பழங்குடிகள் எல்லோரும் ஹுவாரெஸ் பக்கம் நின்றார்கள் என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

என் கருத்தைக் கேட்டால், பழிவாங்கல் என்று அதைச் சொல்ல மாட்டேன். உயிரோடு அனுப்பினால் ஐரோப்பாவில் 'நாடு கடந்த பேரரசர்' என்று ஒருவர் காத்திருப்பார். அடுத்த கடன் பாக்கிக்கு அடுத்த கப்பல் வரும். ஆனால் சட்டம் என்று பார்த்தால், 1862இல் போர்க்காலத்தில் அவர் அரசே போட்ட சட்டத்தின் கீழ், ராணுவ அதிகாரிகள் மட்டும் விசாரித்த வழக்கு அது. இளம் வக்கீல் ஹுவாரெஸ் எதிர்த் தரப்பில் நின்றிருந்தால் அந்த விசாரணையைக் கிழித்திருப்பார்.

1867 ஜூலை 15 அன்று தலைநகருக்குத் திரும்பியபோது வெளியிட்ட அறிக்கையில்தான் அந்த வரி வருகிறது: 'மனிதர்களுக்கிடையே எப்படியோ நாடுகளுக்கிடையேயும் அப்படியே, பிறர் உரிமையை மதிப்பதே அமைதி.' மெக்சிகோவில் இது எழுதப்படாத சுவர் குறைவு.

தன் மக்களான பழங்குடிகளுக்கு என்ன செய்தார்?

சங்கடமான கேள்வி. எல்லோருக்கும் ஒரே சட்டம் என்பதே அவர் கொள்கை. அதில் 'பழங்குடி' என்ற தனி இனத்துக்கு இடம் இல்லை. 1856இல் லெர்தோவின் அண்ணன் மிகேல் கொண்டுவந்த சட்டம், திருச்சபை போன்ற அமைப்புகள் நிலம் வைத்திருக்கக் கூடாது என்றது. கிராமத்துப் பொது நிலமும் 'அமைப்பின் சொத்து' என்ற கணக்கில் வந்தது. சாமியாரைக் குறிவைத்த கல் ஊர்ப் பொதுநிலத்தில் விழுந்தது. பல தலைமுறையாகச் சேர்ந்து உழுத நிலங்கள் துண்டாகி, விலைபோய், பண்ணைக்காரர் கைக்குப் போயின.

அதற்கு முன்பே, ஆளுநராக இருந்தபோது, ஹுசித்தான் ஊர் சபோத்தெக் மக்கள் தங்கள் உப்பளங்களைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்துக் கிளம்பினார்கள். காலம்காலமாக உப்பு அள்ளிய இடம். சபோத்தெக் ஆளுநர் சபோத்தெக் ஊருக்குப் படை அனுப்பினார். 1850 மோதலில் ஊரின் ஒரு பகுதி எரிந்தது. கலகக்காரர்களே கொளுத்தினார்கள் என்றார் ஆளுநர். ஹுசித்தானில் அவர் பெயரைச் சொல்லும்போது இன்றும் குரல் மாறும் என்பார்கள்.

வீட்டில் எப்படி?

முன்பு சொன்ன மாசா வீடு நினைவிருக்கிறதா? அக்கா சமையல் வேலை பார்த்த அதே வீட்டின் பெண் மார்கரித்தாவைத்தான் 1843இல் மணந்தார். அவருக்கு 37, பெண்ணுக்கு 17. வெள்ளைக்காரக் குடும்பம், பழங்குடி மாப்பிள்ளை. அன்றைய வஹாக்காவில் வாய் மூடியவர்கள் குறைவாக இருந்திருப்பார்கள். 'பார்க்கச் சகிக்காது, ஆனால் தங்கமானவர்' என்று மார்கரித்தா சொன்னதாக ஒரு பேச்சு. நாலரை அடி உயரம், எப்போதும் கறுப்புக் கோட்டு.

பன்னிரண்டு பிள்ளைகள். ஐந்து பேர் சிறுவயதிலேயே போய்விட்டார்கள். அதில் இரண்டு மகன்கள், அவர் வடக்கே வண்டியில் அலைந்த காலத்தில், மார்கரித்தா நியூயார்க்கில் அகதியாக இருந்தபோது இறந்தவர்கள். செய்தி கடிதத்தில்தான் வந்தது. மார்கரித்தா 1871 ஜனவரியில் இறந்தார்.

கடைசியில் அவரும் நாற்காலியை விடாதவர்தானா?

ஆம் என்றுதான் சொல்ல வேண்டும். அவருடைய பதவிக்காலம் 1865 நவம்பர் 30 அன்று முடிந்தது. நாடு பிரெஞ்சுக்காரர் கையில், தேர்தலுக்கு வழியில்லை. சட்டம் தெளிவாக இருந்தது: உச்ச நீதிமன்றத் தலைவரிடம் ஒப்படைக்க வேண்டும். எந்தப் பிரிவு 1858இல் அவரை ஜனாதிபதி ஆக்கியதோ அதே ஏற்பாடு. அந்தத் தலைவர் கொன்சாலெஸ் ஓர்த்தேகா, உள்நாட்டுப் போரின் கடைசிச் சண்டையை ஜெயித்துக் கொடுத்த தளபதி. ஹுவாரெஸ் நவம்பர் 8 அன்று இரண்டு ஆணைகள் போட்டார். ஒன்று, போர் முடியும்வரை என் பதவிக்காலம் நீள்கிறது. இன்னொன்று, ஓர்த்தேகா அனுமதியின்றி அமெரிக்காவில் தங்கியதால் அவர் மேல் வழக்கு.

அதை எதிர்த்து விலகியவர்களில் ஒருவர், குவாதலஹாராவில் துப்பாக்கிக்கு நெஞ்சைக் காட்டிய பிரியெத்தோ.

நாட்டைக் காப்பாற்ற வேறு வழி இல்லை என்பது ஹுவாரெஸின் வாதம். ஓர்த்தேகா வந்திருந்தால் குடியரசு பிளந்திருக்கும் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் 1871இல் அந்தச் சாக்கும் இல்லை. மறுபடி நின்றார், லெர்தோ, போர்ஃபிரியோ தீயாஸ் இருவரும் எதிரே நின்றார்கள், யாருக்கும் பெரும்பான்மை இல்லை, நாடாளுமன்றம் ஹுவாரெஸைத் தேர்ந்தெடுத்தது. அவருடைய பழைய மாணவரும் வஹாக்காக்காரருமான தீயாஸ், மறுதேர்தல் கூடாது என்று சொல்லிக் கலகத்தில் இறங்கினார். பிறகு அதே தீயாஸ் முப்பது வருடத்துக்கு மேல் நாட்டைக் கையில் வைத்திருந்தார் என்பது வேறு கதை.

எப்படி இறந்தார்?

1872 ஜூலை 18, ஜனாதிபதி மாளிகையில், மாரடைப்பால். மருத்துவர் இக்னாசியோ அல்வராதோ இதயத்தைத் தூண்டுவதற்காக மார்பில் கொதிக்கும் வெந்நீரை ஊற்றினார். அன்றைய வைத்தியம் அது. 'சுடுகிறீர்களே' என்றாராம் ஹுவாரெஸ். வேண்டுமென்றேதான் என்றார் மருத்துவர். அன்று பகலில் அலுவல் பேச வந்த ஒரு அமைச்சரையும் ஒரு தளபதியையும், உள்ளே மார்பு வெந்திருக்க, எழுந்து உடை மாற்றி உட்கார்ந்து பார்த்து அனுப்பினார். இரவு பதினொன்றரை மணிவாக்கில் உயிர் பிரிந்தது.

அந்த 79ஆம் பிரிவு பிறகு என்ன ஆயிற்று?

ஹுவாரெஸ் இறந்ததும் உச்ச நீதிமன்றத் தலைவர் ஜனாதிபதி ஆனார். அவர் லெர்தோ, கறுப்பு வண்டியில் கூட வந்தவர். 1876இல் லெர்தோ மறுதேர்தலுக்கு நின்று ஜெயித்ததாக அறிவித்தபோது, தேர்தல் மோசடி, எனவே சட்டப்படி நானே ஜனாதிபதி என்று கிளம்பினார் அப்போதைய உச்ச நீதிமன்றத் தலைவர். அவர் இக்லேசியாஸ், அதே வண்டியில் வந்த மூன்றாவது ஆள். ஹுவாரெஸ் 1858இல் போன அதே குவானஹுவாத்தோவுக்கே அவரும் போனார். இந்த முறை பிரிவு கைகொடுக்கவில்லை. தீயாஸ் படையோடு வந்து லெர்தோவையும் துரத்தினார், இக்லேசியாஸையும் துரத்தினார்.

1882இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, அந்த உரிமையை நீதிமன்றத்திடமிருந்து எடுத்துச் செனட் தலைவரிடம் கொடுத்துவிட்டார்கள்.